வரப்பு இல்லாத கம்பளம்

என் கால் கட்டவெரல் நகம் பேந்துபோனதப் பத்தி நான் ஒண்ணியும் சொல்லலடா பேராண்டி. எழுவது வருசமா கூடவே இருந்த நகம். உன் ஊட்டு கிரகப்பிரவேசத்துக்கு அதுக்கும் மொய் வெக்கணும்னு ஆசை இருந்திருக்கும், வெச்சிட்டுப் போச்சு. விடு.

நான் சொல்ல வந்தது வேற. கம்பளம் ஜோரா இருக்குது. நம்ம இண்டூர்ல நின்னு இந்தப் பக்கம் தருமபுரி வரைக்கும் அந்தப் பக்கம் பென்னாகரம் வரைக்கும் தேடுனாலும், செவுத்துக்குச் செவுரு இப்படி மெத்தையா விரிச்ச ரூம்பு கெடைக்காது. கேவுரு காயப்போடற ஊர்ல இவனுக்கு எதுக்குடா கம்பளம்னு டீக்கடையில பேசிக்கிறானுங்க. பொறாமை. நீ கண்டுக்காதே. பெங்களூர்ல ஒரு ஆபீஸக் காலி பண்றப்ப சல்லிசா வந்துச்சுன்னு சுருட்டி வேன்ல ஏத்தியாந்தே. சல்லிசா வர்றத வுடக் கூடாதுதான். எங்கப்பனும் ஒருக்கா சந்தையில சல்லிசா வருதுன்னு ஒரு மாடு ஓட்டியாந்தாரு. ஊடு வந்து சேந்தப்பறந்தான் அதுக்குப் பல்லு இல்லன்னு தெரிஞ்சுது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான். ரூம்புல கம்பளம் முடியுது, ஹால்ல டைல்ஸு ஆரம்பிக்குது. அந்த ரெண்டுக்கும் நடுவுல, கதவு நிக்கிற எடத்துல, என்னாடா நடக்குது அங்க? எலி கடிச்ச தோச மாதிரி ஒரு வெட்டு. அது மேல பார்சல் ஒட்டற பிரவுன் டேப்பு. வெச்சு பத்து நாளு கூட ஆவல, டேப்பு ஒரு பக்கம் சுருண்டு நிக்குது. அந்தப் பசையில ரெண்டு தலமயிரு, கொஞ்சம் கேவுருச் சொங்கு, ஒரு செத்த எறும்பு. கண்காட்சிதான் போ.

ஆனாலும் அதுல நல்லதும் இருக்குதுடா, இல்லன்னு சொல்லமாட்டன். ராவுல திருடன் வந்தா மொதல் அடியிலயே குப்புற விழுவான், நாயி வளக்கற செலவு மிச்சம். உன் கொழந்தை அந்த ஓரத்து நூலப் புடிச்சு இழுத்துக்கினே இருக்குது, பொம்மை வாங்கற செலவும் மிச்சம். உம் மாமனாரு நேத்து உள்ள வந்தப்பப் பாத்தன். ஆறு வருசமா உன் எதிர்ல குனியாத மனுசன், நேத்து குனிஞ்சாரு பாரு. நெத்தி தரையில படற வரைக்கும் குனிஞ்சாரு. எந்த மருமவனுக்கு இந்த மருவாதி கெடைக்கும்?

எனக்கு என்னா தெரியும்னு கேப்பே. நாப்பது வருசம் பந்தல் போட்டவன்டா நானு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் தரையில விரிச்சது நானு. அந்த நாப்பது வருசத்துல எத்தினியோ பேரு விழுந்து பாத்திருக்கன். ஒருத்தங்கூட ஜமக்காளத்து நடுவுல விழுந்ததில்ல. விழுந்தவன் அத்தினி பேரும் ஓரத்துல விழுந்தவன். ஜமக்காளம் முடிஞ்சு மண்ணு ஆரம்பிக்கிற எடம், செவப்பு விரிப்பு முடிஞ்சு மேடைப் படி ஆரம்பிக்கிற எடம். ஒருக்கா ஒரு பெரிய மனுசரு மால போட்டுக்க வந்தாரு. கேமராவப் பாத்துக்கினே வந்தாரு, ஓரத்தப் பாக்கல. மாலய அவரு கழுத்துல போடறதுக்கு முன்ன அவரே மால மேல போயி விழுந்தாரு. அன்னிக்கு எனக்குப் பந்தல் காசு பாதிதான் வந்துச்சு.

இதெல்லாம் புதுசா ஒண்ணும் இல்ல. நம்ம ஜில்லாவுல திரவுபதியம்மன் கோயில் திருவிழான்னா ராவெல்லாம் பாரதக் கூத்து விடுவாங்க, கடசி நாளு மண்ணுல துரியோதனன மலையாட்டம் படுக்க வெச்சுப் படுகளம் நடத்துவாங்க. அந்தச் சண்டை எங்க ஆரம்பிச்சுதுன்னு கேட்டா சூதாட்டம்பே. நான் சொல்றன், அதுக்கும் முன்ன, தரையில ஆரம்பிச்சுது. மயன்னு ஒரு பெரிய மேஸ்திரி பாண்டவனுக்கு மண்டபம் கட்டிக் குடுத்தான். தரை எங்க முடியுது, தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாத மாதிரி வேல பண்ணிட்டான். துரியோதனன் வந்தான், தண்ணிய தரைன்னு நெனச்சுக் கால வெச்சான், விழுந்தான். திரவுபதி சிரிச்சுட்டா. அங்க ஒரு பட்டை அடிச்சு ‘தரை முடிஞ்சுது, தண்ணி ஆரம்பிக்குது’ன்னு காட்டியிருந்தா பதினெட்டு நாளு சண்டை எதுக்குடா? நேத்து உம் மாமனாரு விழுந்தப்ப உம் பொண்டாட்டி சிரிக்கல. நீ சிரிச்சே. நான் பாத்தன். அவரும் பாத்தாரு.

அந்தக் காலத்துல இந்தத் தொல்லயே இல்ல, ஏன்னு தெரியுமா? நிலைப்படி இருந்துச்சு. ரூம்புக்கு ரூம்பு வாசக்காலுக்குக் கீழ ஒரு கட்டை குறுக்க நிக்கும். இந்தப் பக்கம் சாணி மொழுவுன தரை, அந்தப் பக்கம் கடப்பாக் கல்லு, இல்லன்னா செவப்பு ஆக்சைடு போட்ட சிமிட்டி. எது ஒசரம், எது பள்ளம், எது கோணல்னு எவனுக்கும் தெரியாது, எல்லா அசிங்கத்தையும் அந்தக் கட்டை முழுங்கிக்கும். மேல மஞ்ச பூசிக் குங்குமம் வெச்சு லட்சுமின்னு கும்பிட்டோம், மிதிக்காதே தாண்டிப் போன்னு கொழந்தைங்களுக்குச் சொன்னோம். தாண்டிப் போறவன் எங்க தடுக்கி விழுறது? இப்ப எஞ்சினீரு வர்றாரு. தல வாசலுக்கு மட்டும் நிலைப்படி, உள்ள வேணாம், ஃப்ளாட்டா இருக்கட்டுங்கறாரு. தேக்குக் கட்டையத் தூக்கிப் போட்டீங்க. இப்ப அதே எடத்துக்கு அலுமினியத்துல ஒரு பட்டை தேடிக்கினு ஆர்டுவேர் கடைக்குப் போவணும். லட்சுமிக்குப் பேரு மாத்தி ‘டி புரொஃபைலு’ன்னு வெச்சிருக்கான்.

சரி, மேஸ்திரிய என்னா சொல்லி வேல வாங்குனே? அந்த ரூம்புக்கு மட்டும் டைல்ஸு வேணாம், சிமிட்டி போடு, கம்பளம் வரப்போவுதுன்னியா? அவரு என்னா பண்ணாரு? ரசமட்டம் வெச்சு, டைல்ஸு மட்டத்துக்கே சிமிட்டியும் போட்டுட்டாரு. நீயும் ஆகா சமமா இருக்குதேன்னு சந்தோசப்பட்டே. அங்கதான்டா மொதல் கோணல். கம்பளத்துக்கு ஒரு தடிமன் இருக்குது, அதுக்கு அடியில விரிக்கிற ஃபோமுக்கு ஒரு தடிமன் இருக்குது. ரெண்டையும் சேத்து வெச்சுக் கட்டவெரலால அமுக்கிப் பாத்து, அமுங்குனப்பறம் எத்தினி நிக்குதோ அத்தினி அளவு சிமிட்டியக் கீழ எறக்கியிருக்கணும். அப்ப மேல வர்றப்ப ரெண்டும் தோளுக்குத் தோளு நிக்கும். இப்ப உன் கம்பளம் முக்கா இஞ்சு தூக்கி நிக்குது. கல்யாணத்துல மாப்ள ஊட்டுக்காரன் நிக்கிற மாதிரி.

கடல் தாண்டி அமெரிக்காவுல 1990-ல மாற்றுத்திறனாளிங்களுக்காக ஒரு சட்டம் போட்டான். அதுக்குன்னு எழுதி வெச்ச அளவுல கம்பளத்துக்கும் ஓரத்துக்கும் எடம் குடுத்திருக்கான். ஓரம் தரையோட கெட்டியாப் புடிச்சிருக்கணும், வெளிய தெரியுற ஓரம் பூராவும் பட்டை அடிச்சிருக்கணும். ரெண்டு தரைக்கும் நடுவுல கால் இஞ்சு வரைக்கும் ஒசரம் மாறலாம். அதுக்கு மேல போனா சரிவு வெட்டணும். அரை இஞ்சயும் தாண்டுனா சாய்வுப் பாதையே போடணும். பொது எடத்துக்கு எழுதுன கணக்குதான் அது, உன் ஊட்டுக்கு எவனும் வந்து அளக்கமாட்டான். ஆனா உங்க பாட்டி கோலு ஊனிக்கினு வர்றா பாரு, அவ கோலு அளக்கும்.

இப்ப சிமிட்டிய ஒடைக்க வேணாம். நான் சொல்றதக் கேளு, காசு வேணாம், காப்பி போதும்.

மொதல்ல கம்பளமும் டைல்ஸும் சந்திக்கிற கோடு எங்க விழுவணும்னு முடிவு பண்ணு. உன்னுது கதவத் தாண்டி நாலு இஞ்சு ஹாலுக்குள்ள நாக்க நீட்டிக்கினு இருக்குது. கதவ சாத்துனா, பலகைக்கு நேர் கீழ அந்தக் கோடு ஒளிஞ்சுக்கணும். ஹால்ல நிக்கிறவனுக்கு டைல்ஸு மட்டும், ரூம்புல நிக்கிறவனுக்குக் கம்பளம் மட்டும். ரெண்டு பங்காளிக்கும் வரப்பு எங்க ஓடுதுன்னு தெரியணும், ஆனா ஒருத்தன் நெலத்துல நின்னா இன்னொருத்தன் வெள்ளாமை கண்ணுல படக் கூடாது. வவுத்தெரிச்சல் வராது பாரு.

அப்பறம் கம்பளத்தப் புடிச்சு நிறுத்தற சமாச்சாரம். நீ நாலு பக்கமும் ஃபெவிகால ஊத்தி ஒட்டியிருக்கே. வெளிநாட்டுல கிரிப்பர்னு ஒரு சன்னமான கட்டை அடிப்பான். ஒரு இஞ்சு அகலம் இருக்கும், மேல சின்னச் சின்ன ஆணி முளைச்சு நிக்கும், அத்தினி ஆணியும் செவுத்தப் பாத்துச் சாஞ்சிருக்கும். செவுத்துக்கும் கட்டைக்கும் நடுவுல கம்பளத் தடிமனுக்குக் கொஞ்சம் கொறைச்சலா ஒரு இடுக்கு விடுவான். ஃபோமு கட்டையோட நின்னுடணும், கட்டை மேல ஏறக் கூடாது. ஏறுனா ஓரத்துல மேடு தட்டும். கம்பளத்த முட்டியால ஒரு கருவி வெச்சு உதைச்சு உதைச்சு இழுத்து, அந்த ஆணியில மாட்டுவான். மிச்சம் நிக்கிற ஓரத்த மழுங்குன அகல உளியால இடுக்குக்குள்ள தள்ளுவான். அப்பறம் வெட்டு எங்கன்னு சாமிக்கே தெரியாது. மொதல்லயே அளவாக் கத்தரிக்கக் கூடாதுடா. ரெண்டு மூணு இஞ்சு கூட வுட்டு விரிச்சு, இழுத்து மாட்டுனப்பறந்தான் கத்தி எடுக்கணும். நீ முன்னாடியே வெட்டிட்டு அப்பறம் இழுத்தே. தையக்காரன் சட்டையத் தெச்சிட்டு அளவெடுத்த கதை.

ஆனா ஒண்ணு, நம்ம ஊரு செம்மண்ணு. கட்டைன்னா கரையானுக்கு வளகாப்பு சாப்பாடு. சிமிட்டி வெடிப்பு வழியா வந்து ஒரு வருசத்துல ஆணிய மட்டும் வுட்டுட்டுக் கட்டையத் தின்னுடும். கட்டைதான் வேணும்னா கரையான் மருந்து அடிச்சு, ரூம்பு ஈரம் காஞ்சப்பறம் போடு. இல்லன்னா ஓரத்துக்கு அலுமினியமே போதும்.

இப்ப அந்தக் கதவு எடத்துக்கு வா. அங்க அடிக்கிற பட்டையில பல வெதம் இருக்குது. ரெண்டு தரையும் சமமா இருந்தா டி மாதிரி ஒண்ணு, நடு முள்ள இடுக்குல எறக்கி ரெண்டு ரெக்கையும் ரெண்டு பக்கம் ஒக்காரும். கம்பளத்துக்குன்னே ஒண்ணு இருக்குது, ஒரு பக்கம் பல்லு, ஒரு பக்கம் மடிப்பு. கம்பள ஓரத்தப் பல்லுல மாட்டி, மடிப்ப மேல வளைச்சுத் தட்டணும். நேரா சுத்தியால அடிச்சிடாதே, அலுமினியம் அம்மத் தழும்பாயிடும். ஒரு பலகத் துண்டு வெச்சு அது மேல அடி. உன்னாட்டம் ஒரு பக்கம் தூக்கி நிக்கிறவனுக்குச் சரிவுப் பட்டைன்னு ஒண்ணு இருக்குது. கம்பள ஒசரத்துல ஆரம்பிச்சு டைல்ஸு வரைக்கும் சறுக்கலா எறங்கும். அதுக்கு முன்ன, கதவுகிட்ட ஒரு முழம் அகலத்துக்குத் தடிச்ச ஃபோம எடுத்துட்டு மெல்லிசா, கெட்டியா ஒண்ணு போட்டுடு, பாதி ஒசரம் அங்கியே எறங்கிடும்.

எந்தப் பட்டை வாங்குனாலும் அது பொண்ணு பாக்கற தரகர் மாதிரிதான். ரெண்டு பக்கத்தையும் புடிச்சிருக்கணும், ரெண்டு பக்கத்து மிதியும் வாங்கணும். மெல்லிசா பளபளன்னு இருக்கிறத வாங்காதே, ஒரு மாசத்துல வளையும். அளக்கறப்ப வாசக்காலுக்கு வெளிய அளக்காதே, உள்பக்கம், ரெண்டு கால் நடுவுல, கீழ தரையோட அளந்து வெட்டு. மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவு வெக்கிற ஆசாரிங்க நம்ம பக்கம் நெறய.

டைல்ஸுல ஓட்ட போடறேன்னு கான்கிரீட் ஆணிய வெச்சு அடிச்சிடாதே. ‘டிங்’குன்னு ஒரு சத்தம் வரும், டைல்ஸு செவுரு வரைக்கும் வெடிக்கும், அப்பறம் அந்த வெடிப்ப மறைக்க நீ இன்னொரு கம்பளம் வாங்குவே. சிமிட்டிப் பக்கம் டிரில்லு போட்டு, பிளக்கு வெச்சு, ஸ்க்ரூ முடுக்கு. டைல்ஸுப் பக்கம் பசையோட நிறுத்திக்கோ. ஸ்க்ரூ தலை பட்டைக்குள்ள முழுசா எறங்கணும். எறங்கலன்னா, நகத்துக்கு அடுத்தது என் பாதந்தான்.

பட்டை ஒக்காந்தப்பறம் கதவு தரையில ஒரசும். அத ஒதச்சுச் சாத்தற பழக்கம் வேணாம், கழட்டி அடியில இழைப்புளி போடச் சொல்லு.

அழகுக்கு மட்டுமில்லடா இதெல்லாம். உம் பொண்டாட்டி தினமும் ஹாலத் தண்ணி போட்டுத் தொடைக்கிறா. மாப்பு ஓரத்துல முட்டுறப்ப, அறுத்த கம்பளம் அந்தத் தண்ணியக் காப்பியில போட்ட வருக்கி மாதிரி உறிஞ்சுது. மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஃபோமு ஊறிப் போயி நாறும். சீமாறு வேற அந்த நூல் ஒவ்வொண்ணையும் கோத்து இழுக்குது. கம்பளம் நடுவுல தேயுறதுக்குப் பத்து வருசம் ஆவும், ஓரத்துல இருந்து பிரியறதுக்குப் பத்து நாளு போதும். வெட்டுன வாயில பட்டைக்குள்ள போறதுக்கு முன்ன லேசா ஒரு பசை தடவிக் காய வுட்டுடு, இழை ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கும்.

நான் விரிச்ச ஜமக்காளமெல்லாம் பவானி சரக்கு. நம்ம ஒகேனக்கல்ல குதிக்கிற தண்ணி மேட்டூர் தாண்டிப் போயி பவானி ஆத்தோட கைகோக்குற ஊரு. அந்த ஜமக்காளத்துக்கு 2005 வாக்குல புவிசார் குறியீடு குடுத்தாங்க. குழித்தறியில நெய்யறப்ப ஊடு நூலு கரைக்குக் கரை போயித் திரும்பி வரும், அந்தத் திரும்பற எடம் தானாவே கெட்டியான ஓரம். பாவு நூலு முடியுற தலப்புலதான் வெறும் நூலா நிக்கும். அத முடிச்சுப் போட்டோ மடிச்சுத் தெச்சோ நிறுத்தணும். நெசவு எதுன்னாலும் இதான் கதை. அதனாலதான் வேட்டிக்கும் சேலைக்கும் கரைன்னு பேரு வெச்சு, அதுல கலரு போட்டு, அதப் பாத்து ஆளையே எடை போடறான். கட்சிக்காரன் வேட்டியில நடுவ எவன்டா பாக்கறான்?

டெல்லியில 2023 மே 28-ம் தேதி புதுப் பார்லிமெண்டு தெறந்தாங்களே, அன்னிக்கு எல்லாரும் செங்கோலப் பாத்தீங்க. நான் தரையப் பாத்தன், தொழில் புத்தி. ரெண்டு சபைக்கும் உத்தரப் பிரதேசத்துல பதோஹி, மிர்சாபூர் நெசவுக்காரங்க 900 பேரு, எல்லாரு நேரத்தையும் கூட்டுனா 10 லட்சம் மணி நேரம் ஒக்காந்து கையால முடிச்சுப் போட்ட கம்பளம். லோக்சபாவுக்கு மயிலு, ராஜ்யசபாவுக்குத் தாமரை. அரைவட்ட மண்டபத்துக்கு ஒரே துண்டா நெய்ய முடியாதுல்ல, துண்டு துண்டா நெஞ்சு கடசியில ஒண்ணாச் சேத்திருக்காங்க. அம்மாம் பெரிய சபையில ஒட்டுப் போட்ட எடம் கண்ணுக்குத் தெரியாதாம். உள்ள ஒக்காந்திருக்கிறவங்க ஒட்டுறாங்களோ இல்லியோ, கம்பளம் ஒட்டியிருக்குது. உன் ரூம்பு பத்துக்குப் பன்னண்டு. ஒரே ஒரு வாசல். அந்த ஒரு முழ எடத்துக்கு உனக்குப் பிரவுன் டேப்பு.

சனிக்கெழம வர்றன். தருமபுரியில கடத்தெருவுல கேட்டா பட்டை கெடைக்கும். கலரு மட்டும் தங்கத்துல வாங்காதே, பாட்டி நகைன்னு நெனச்சுக்குவா. டிரில்லு பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியன்கிட்ட இருக்குது, நான் வாங்கியாறன். நீ அந்த டேப்ப உரிச்சு, மண்ணெண்ணெய்யோ தின்னரோ தொட்டுப் பசையத் தொடச்சு வை. மாமனாரையும் கூப்பிடு. பட்டை அடிச்சப்பறம் மொதல்ல அவரு நடக்கட்டும், நிமிந்தே வரட்டும். அன்னிக்காவது நீ சிரிக்காம இரு.

வெட்டி மிச்சம் விழுற துண்டத் தூக்கிப் போட்டுடாதே. ஓரம் அடிச்சு எனக்குக் குடு. சாக்குத் தெக்கிற கோணி ஊசி போதும், சுத்தி ஒரு நாடா வெச்சுத் தெச்சுடலாம். எங்கூட்டு ஆட்டுக் கொட்டாய்ல விரிக்கணும். ஓரம் மட்டும் கெட்டியா இருக்கணும்டா பேராண்டி. என் நகம் பேந்தா திரும்ப மொளைக்கும், ஆட்டுக்குக் கால் பெசகுனா சந்தையில ஐநூறு ரூவா கொறைப்பான்.